பெயர்ப் பலகையும் பொறுப்பாளரும்



பயணம் இல்லாத குடும்பம் இன்று அரிது. மருத்துவத்திற்காக ஒருவர், நேர்முகத் தேர்விற்காக ஒருவர், உறவினர் திருமணத்திற்காக ஒருவர் என ஆண்டில் சில இரவுகளையேனும் வெளியூரில் கழிக்க நேர்கின்றது. முன்னர் அத்தகைய இரவுகளுக்கு உறவினர் இல்லம் இருந்தது. அஃது இல்லையெனில் சத்திரமோ, தெரிந்தவர் சொன்ன லாட்ஜோ இருந்தது. இன்று நம் பங்கு மக்களில் பலர் கைபேசியை எடுத்து, பல ஊர்களிலும் ஒரே பெயரில் நடைபெறும் சிக்கன விடுதி ஒன்றில் இடம் பிடித்துவிடுகின்றனர். "ஃபாதர், அந்த விடுதிகளை நம்பலாமா?" என்று திருப்பலிக்குப் பின் நம்மை வினவுவோரும் உளர். அவ்வினாவிற்கு விடையாகவே இம்மாதம் சில எண்ணங்களை உங்கள்முன் வைக்கின்றோம்.

இத்தகைய தொடர் விடுதிகளுள் புகழ்பெற்ற ஒன்று, ஒரு தந்தையின் மனத்தாங்கலில் பிறந்தது. 1951ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரைச் சேர்ந்த கெம்மன்ஸ் வில்சன் என்னும் கட்டட வணிகர், தம் மனைவியோடும் ஐந்து பிள்ளைகளோடும் வாஷிங்டனுக்குக் காரில் சென்றார். வழியிலிருந்த விடுதிகளில் பிள்ளை ஒன்றுக்கு இரண்டு டாலர் வீதம் கூடுதலாக வாங்கினர். தரமும் இடத்திற்கு இடம் மாறுபட்டது. ஊர் திரும்பிய அவர், 1952இல் மெம்ஃபிஸில் முதல் ஹாலிடே இன் விடுதியைத் திறந்தார். பெற்றோரோடு தங்கும் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை என்பது அங்கு விதியாயிற்று. 1962இல் கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் ஓரிரவுக்கு ஆறு டாலர் என்று ஒரு விடுதி எழுந்தது. மோட்டல் 6 என்று விலையே அதற்குப் பெயராயிற்று. 1985இல் பிரான்சில் தோன்றிய ஃபார்முல் 1 விடுதிகள் சிக்கனத்தை இன்னும் ஒரு படி கொண்டு சென்றன. குளியலறையும் கழிப்பறையும் பலருக்கும் பொதுவாக அமைந்தன. வரவேற்பாளர் இல்லாத நேரத்தில், வங்கி அட்டையைச் செலுத்தினால் வாயிற்கதவு திறந்தது.

நம் நாட்டில் டாட்டா குழுமம், இன்று ஜிஞ்சர் என வழங்கும் தொடரின் முதல் விடுதியை 2004இல் பெங்களூரில் திறந்தது. பின்னர் 2013 முதல் 2015 வரையிலான ஆண்டுகளில் ஓயோ, ஃபேப் ஹோட்டல்ஸ், ட்ரீபோ முதலியன தோன்றின. பின்வந்த இவை பெரும்பாலும் தாமே கட்டடம் எழுப்பவில்லை. முன்னரே இருந்த சிறு விடுதிகளின் உரிமையாளரோடு உடன்பாடு செய்துகொண்டு, தம் பெயரையும் முன்பதிவு முறையையும் அளித்தன. இம்முறை எவ்வளவு வளர்ந்ததெனில், ஆறு டாலர் விலையைப் பெயராகக் கொண்ட அந்த அமெரிக்கத் தொடரையே 2024இல் ஓயோ நிறுவனம் வாங்கிவிட்டது.

இவ்விடுதிகளால் விளையும் நன்மை சிறிதன்று. முதலாவது, வாடகை முன்கூட்டியே தெரிகின்றது. பெட்டியைச் சுமந்துகொண்டு வாசலில் நின்று பேரம் பேச வேண்டியதில்லை. இரண்டாவது, வெள்ளை விரிப்பு, வெந்நீர், தாழிடக்கூடிய கதவு என அறையில் என்னென்ன இருக்கும் என்பதற்கு ஓர் எழுதப்பட்ட வாக்குறுதி உண்டு. மூன்றாவதே நம் உள்ளத்தைத் தொட்டது. நம் பங்கைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர், செவிலியர் பணிக்கான நேர்முகத் தேர்விற்குத் தனியே பெங்களூர் செல்ல வேண்டியிருந்தது. அவர் முதலில் சென்ற பழைய லாட்ஜில், "தனியாகவா வந்தீர்கள்? துணைக்கு ஆண்கள் யாரும் வரவில்லையா?" என்று துருவித் துருவிக் கேட்டு, இறுதியில் அறை இல்லை என்றனராம். அடுத்த தெருவிலிருந்த தொடர் விடுதியிலோ அடையாள அட்டையைப் பார்த்தனர், பணத்தைப் பெற்றனர், சாவியைக் கொடுத்தனர். "அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன், ஃபாதர்" என்றார் அவர்.

இதனை எளிதாக எண்ணிவிட வேண்டா. நம் பழைய சத்திரங்கள் பலவற்றில் இன்ன குலத்தாருக்கே இடம் என்ற நிலை இருந்ததை வரலாறு அறியும். வந்தவரின் ஊரையும் உறவையும் குலத்தையும் கேளாமல், எல்லாருக்கும் ஒரே விதி என்று நடத்துவது, எளியவருக்கும் தனித்துச் செல்லும் பெண்டிருக்கும் ஒரு காவலே ஆகும்.

இனி, குறைகளையும் சொல்லியாக வேண்டும். நம் ஊர் லாட்ஜுகள் பலவற்றில், நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் கணக்கு. தொடர் விடுதிகள் பெரும்பாலானவற்றில், நண்பகலிலோ அதற்குப் பின்னரோதான் அறை கிடைக்கும். மறுநாள் முற்பகலில் காலி செய்துவிட வேண்டும். அதிகாலை ஐந்து மணிக்கு இரயிலில் வந்திறங்கும் குடும்பத்திற்கு இது பெருந்தொல்லை. அறை இருவருக்கென்றே அளந்து கட்டப்பட்டிருக்கும். பாட்டியும் பேரனும் சேர்ந்தால் இன்னோர் அறைக்குப் பணம் கட்ட நேரும். வாடகையும் நாளுக்கு நாள் மாறும். திருவிழாக் காலத்தில், சாதாரண நாளில் கண்ட விலையை நினைத்துக்கொண்டு புறப்பட்டவர் ஏமாறுவார். நோயாளியோடு பல வாரம் தங்க வேண்டியவருக்கு, கஞ்சி காய்ச்ச அடுப்பு வைத்துக்கொள்ள இடம் தரும் சிறு லாட்ஜே மேல்.

ஆயினும் எல்லாவற்றினும் பெரிய குறை வேறொன்று. அதனை நாமே பட்டறிந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் பங்குக் குடும்பம் ஒன்று தம் மகளை மருத்துவத்திற்காக வேலூருக்கு அழைத்துச் சென்றது. அவர்கள் வேண்டிக்கொண்டபடி நாமும் உடன் சென்றோம். தொடர் விடுதி ஒன்றில் இரண்டு அறைகளுக்கு முன்பணம் கட்டியாயிற்று. இரயில் தாமதமாகி, காட்பாடியில் இறங்கி ஆட்டோ பிடித்து விடுதியை அடைந்தபோது இரவு பதினொன்றரை மணி. வாயிலில் அத்தொடரின் பலகை ஒளிவிட்டுக்கொண்டிருந்தது. உள்ளே மேசையருகே இருந்த இளைஞர், "இந்தப் பதிவு எங்களுக்கு வரவில்லை, சார். அந்தக் கம்பெனிக்கும் எங்கள் முதலாளிக்கும் இப்போது கணக்கு இல்லை" என்றார். நிறுவனத்தின் எண்ணை அழைத்தோம். ஒன்றை அழுத்துக, இரண்டை அழுத்துக என்று இயந்திரக் குரல் பேசியதே அன்றி, மனிதக் குரல் கேட்கவில்லை. நோயுற்ற அச்சிறுமி பெட்டியின்மேல் அமர்ந்து தாயின் தோளில் சாய்ந்திருந்தாள். தந்தையோ, "பணம் கட்டிவிட்டேனே, பணம் கட்டிவிட்டேனே" என்று கைபேசியைக் காட்டிக்கொண்டே நின்றார்.

இறுதியில், எதிரிலிருந்த சிறு லாட்ஜின் இரவுக் காவலர் எழுந்து வந்தார். தம் முதலாளியைத் தொலைபேசியில் எழுப்பி, ஓர் அறையைத் திறந்துவிட்டார். குழந்தைக்கு வெந்நீரும் கொண்டுவந்தார். அங்கே விரிப்பு வெள்ளையாக இல்லை. ஆனால் கேட்டதற்கு விடை சொல்ல ஓர் ஆள் இருந்தார். கட்டிய பணம் பல நாள் கழித்துத் திரும்பி வந்தது. அந்த நள்ளிரவின் கலக்கத்தை எவரும் ஈடு செய்யவில்லை.

இதற்காக அவ்விளைஞரை நாம் குறை கூறோம். பலகை ஒருவருடையது, கட்டடம் வேறொருவருடையது, நம் பணம் சென்றதோ மூன்றாம் இடத்திற்கு. பொறுப்பு மூவருக்கும் பகிரப்பட்டால், நள்ளிரவில் அஃது ஒருவரிடமும் இராது.

நல்ல சமாரியர் உவமையை நாம் பலகாலும் கேட்டிருக்கின்றோம். காயமுற்றவரைத் தூக்கிச் சென்றவரை நினைக்கின்றோமே அன்றி, அந்தச் சாவடிக்காரரை நாம் நினைப்பதில்லை. சமாரியர் இரண்டு தெனாரியம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிச் சென்றார். அவ்வாறு ஒப்படைக்க அங்கே ஓர் ஆள் இருந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆதலின் தொடர் விடுதியை நாடுவதும் நாடாததும் அன்று வினா. அங்கே பொறுப்பாளர் யார் என்பதே வினா.

எனவே குடும்பத்தாருக்கு நாம் கூற விழைவன சில. முன்பதிவு செய்தவுடன், நிறுவனத்தின் எண்ணோடு நில்லாமல், அந்த விடுதியின் எண்ணையே அறிந்து அழையுங்கள். பதிவு வந்து சேர்ந்ததா என்று கேட்டு, பேசியவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். புறப்படும் நாளில் மீண்டும் ஒருமுறை அழையுங்கள். வரி சேர்த்து மொத்தம் எவ்வளவு, எத்தனை மணிக்கு அறை கிடைக்கும், மூன்றாம் ஆளுக்கும் பிள்ளைகளுக்கும் என்ன கட்டணம், பயணம் தடைபட்டால் பணம் திரும்புமா என்பவற்றை முன்னரே கேளுங்கள். முதியவர் உடன் வந்தால் மின்தூக்கி உண்டா என்று வினவ மறவாதீர். ஆதார் நகல் கேட்டால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட நகலைக் கொடுங்கள். நள்ளிரவில் சென்று சேர்வதாயின், அருகில் வேறொரு விடுதியின் எண்ணையும் கையில் வைத்திருங்கள்.

அச்சிறுமி இன்று நலமாகப் பள்ளிக்குச் செல்கின்றாள். ஆண்டுக்கொரு முறை பரிசோதனைக்கு வேலூர் செல்லும் அக்குடும்பம், இன்றும் சில வேளைகளில் தொடர் விடுதியிலேயே தங்குகின்றது. சென்ற முறை புறப்படுமுன் அத்தந்தை நம்மைக் காண வந்திருந்தார். "விடுதிக்கு இரண்டு தடவை போன் செய்துவிட்டேன், ஃபாதர். மேலாளரின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன்" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு தாளை எடுத்துக் காட்டினார். அத்தாளில் அதற்குக் கீழே இன்னொரு பெயரும் எண்ணும் இருந்தன. எதிர் லாட்ஜின் இரவுக் காவலருடையவை அவை.