எரிமலை வேணாம், பானை போதும்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை. இன்னிக்கு எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் என் அக்கா பொண்ணு. ஏழாங்கிளாஸ் படிக்கிறா. வீடு வேங்கிக்கால்ல, கலெக்டர் ஆபீஸ் பக்கம்.

ஊருக்குப் போன அன்னிக்கே பிடிச்சுக்கிட்டா. "மாமா, பிப்ரவரி 28 சயின்ஸ் டே. ஸ்கூல்ல எக்ஸிபிஷன். எரிமலை பண்ணித் தர்றியா?"

1928 பிப்ரவரி 28-ல சர்.சி.வி.ராமன் தன் கண்டுபிடிப்பை அறிவிச்சார். அந்த நாளைத்தான் 1987-ல இருந்து தேசிய அறிவியல் தினமா கொண்டாடறோம். கொண்டாட்டம்னா என்ன? தெர்மாகோல், ஃபெவிகால், கலர் பேப்பர், சோடா உப்பு, வினிகர். பொங்கும். கை தட்டுவாங்க. முடிஞ்சுது.

இதைக் கிண்டல் பண்ண எனக்கு அருகதை இல்லை. எட்டாங்கிளாஸ்ல நான் வெச்ச நீர்மின் நிலைய மாடலுக்கு முதல் பரிசு. செஞ்சது அப்பாவோட எலக்ட்ரீஷியன் நண்பர். டைனமோ எப்படி வேலை செய்யுதுன்னு நான் மனப்பாடமா ஒப்பிச்சேன். அதே ஆள்தான் இஞ்சினியரிங் கடைசி வருஷம் நாலு பேரோட சேர்ந்து காசு கொடுத்து ப்ராஜெக்ட் வாங்கினேன். அதுக்கும் நல்ல மார்க். ரெண்டு சர்டிபிகேட்டும் பத்திரமா இருக்கு. வேலைக்கு வந்து முதல் பக்கைத் தேடி மூணு நாள் முழிச்சப்பதான் புரிஞ்சுது: பதில் தெரியாத ஒரு கேள்வியோட தனியா உட்கார எனக்கு யாரும் பழக்கவே இல்லை.

அதனால எரிமலைக்கு நோ சொல்லிட்டேன். பொண்ணு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிச்சு. "சரி, இந்தச் சமையல்கட்டுல உனக்குப் புரியாத ஒண்ணைக் காட்டு"ன்னேன். கொஞ்ச நேரம் சுத்திட்டு மண்பானையைக் காட்டினா. "இதுல மட்டும் ஏன் தண்ணி ஜில்லுன்னு இருக்கு?" பக்கத்துல அவ பாட்டி, "மண்ணுக்கே குளிர்ச்சி"ன்னு தீர்ப்பு சொல்லிட்டாங்க.

அப்ப அதையே சோதிச்சுடலாமே? வராண்டா நிழல்ல மூணு பாத்திரம். மண்பானை, எவர்சில்வர் குடம், ஈரத்துணி சுத்தின இன்னொரு எவர்சில்வர் குடம். மூணுலயும் ஒரே அளவு தண்ணி. ஒரே செலவு ஒரு தெர்மாமீட்டர். மத்தியானம் மூணு மணிக்கு வெளியில 33 டிகிரி. சும்மா இருந்த குடம் 32. பானை 27. ஈரத்துணி குடமும் 27! மண்ணே இல்லாத குடம் எப்படிக் குளிர்ந்துச்சு? பாட்டி கட்சி காலி :-)

அடுத்த யோசனை சத்தியமா என்னுது இல்லை. "ஈரத்துணி மேல பாலிதீன் கவர் போட்டா என்ன ஆகும் மாமா?" மறுநாள் போட்டுப் பார்த்தோம். 32. குளிர்ச்சி மண்ணுலயும் இல்லை, துணியிலயும் இல்லை. தண்ணி ஆவியாப் போறதுலதான் இருக்கு. ஒரு கிராம் தண்ணி ஆவியாக சுமார் 580 கலோரி வெப்பம் வேணும். அந்த வெப்பம் மொத்தமும் பாத்திரத்துத் தண்ணியில இருந்தே போச்சுன்னா, 100 கிராம் தண்ணி கிட்டத்தட்ட 6 டிகிரி குளிர்ந்துடும்.

பாத்திரத்தை வெச்சு என்ன பெரிய சயின்ஸ்னு கேக்கறவங்களுக்கு ஆக்னஸ் பாக்கல்ஸ் கதை. ஜெர்மனிக்காரர். பொண்ணுங்களைப் பல்கலைக்கழகத்துல சேர்க்காத காலம். வீட்டு வேலை பார்த்துக்கிட்டே, பாத்திரம் கழுவற தண்ணியில எண்ணெய்ப் பிசுக்கு படியறதைக் கவனிச்சு, தகரத் தொட்டி, சின்னத் தராசு, ஒரு பட்டன் வெச்சுப் பரப்பு இழுவிசையை அளந்தார். ராலே பிரபுவுக்குக் கடிதம் எழுத, அவர் அதை நேச்சர் இதழுக்கு அனுப்ப, 1891-ல அச்சாச்சு.

அவ்வளவு தூரம் ஏன், நம்ம திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர் கண்ணுல பட்டது தெருவுல இருந்த கரி இஸ்திரிப்பெட்டி. அதுல இருந்துதான் சூரிய சக்தி இஸ்திரி வண்டி வந்துச்சு. 2020-ல ஸ்வீடன்ல குழந்தைகளுக்கான காலநிலைப் பரிசு. 2021-ல கிளாஸ்கோ மாநாட்டு மேடையில பேச்சு.

ஆக, என் கட்சி இதுதான். வீட்டுல ஏற்கனவே இருக்கற பாத்திரமா இருக்கணும். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்தணும். எதையாவது அளக்கணும். அடுப்பு, குக்கர் பக்கம் போகக் கூடாது. முக்கியமா, பதில் என்னன்னு பிள்ளைக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கக் கூடாது. தப்பாப் போறதுக்கு வழியே இல்லைன்னா அது சோதனை இல்லை, வித்தை.

டீச்சர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நாப்பது பிள்ளைங்களோட சோதனையைப் பொறுமையாக் கேக்க அவங்களுக்கு ஏது நேரம்? பளிச்சுனு தெரியறதுக்குத்தான் மார்க் விழும். நம்ம பிள்ளை வெறும் குடத்தோட நின்னு அசிங்கப்படக் கூடாதுன்னு பெத்தவங்களுக்கும் பயம். அந்தப் பயம் நியாயம்தான். ஆனா அதுக்கு விலை கொடுக்கறது பிள்ளை. பத்து வருஷம் கழிச்சு, என்னை மாதிரி.

ரிசல்ட்? பரிசு இல்லை. பார்க்க வந்தவர், "வொர்க்கிங் மாடல் எங்கம்மா?"ன்னாராம். முதல் பரிசு எரிமலைக்கே. பொண்ணு அன்னிக்கு ராத்திரி சாப்பிடாமப் படுத்துட்டா. அக்கா என்னை முறைச்ச முறைப்பு இருக்கே! எனக்கும் உள்ளுக்குள்ள உதைப்புதான். என் கொள்கைக்கு அவளைப் பலி கொடுத்துட்டேனோ?

மறுநாள் பஸ்ஸுக்குக் கிளம்பறப்ப அவ நோட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்துல புதுசா ஒரு வரி: "பானைக்கு வெளியே பெயிண்ட் அடிச்சா?"

பெயிண்ட் டப்பா வாங்கிக் கொடுத்துட்டுத்தான் பஸ் ஏறினேன். உங்க வீட்டுக் குட்டிகளுக்கு அடுத்த வருஷம் என்ன செஞ்சு தரப் போறீங்க மக்களே?