ஹாலோங்கில் ஓர் இரவு
புதுச்சேரி மூலக்குளத்தில் எங்கள் எதிர்வீட்டுத் தம்பதி வியட்நாம் போய் வந்திருக்கிறார்கள். ஹாலோங் விரிகுடாவில் ஓர் இரவு படகிலேயே தங்கினார்களாம். கைப்பேசி நிறையப் படங்கள்; கடலில் முளைத்த சுண்ணாம்புப் பாறைத் தீவுகள், மொத்தம் 1,600 சொச்சம். எனக்குப் பிடித்தது ஒரே படம்தான்: நள்ளிரவில், படகோர விளக்கடியில், கணவாய் பிடிக்கத் தூண்டிலோடு அந்த அம்மாள். ஒன்றும் மாட்டவில்லையாம்! புதுச்சேரிக்காரர்களுக்கு வியட்நாம் புதிதா என்ன? பிரெஞ்சுக்காரர் காலத்தில் சிப்பாயாகவும் குமாஸ்தாவாகவும் கப்பலேறியவர்களுக்கு அது 'சைகோன்'; அங்கே மாரியம்மன் கோயில்கூட உண்டு. அவர்கள் போனது பிழைப்புக்கு, கடலை வேடிக்கை பார்க்க அல்ல. "சைகோன் போகலையா?" என்று கேட்டேன். நேரமில்லையாம். அந்த அம்மாளின் தாத்தா அங்கேதான் இருபது வருஷம் வேலை பார்த்தார்.