இரண்டாம் வகுப்புக் குழந்தை போன் செய்யாது

தொடக்கக் கல்வி இயக்குநர் அவர்களுக்கு,
பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம், சென்னை - 6.



உங்கள் துறையின் 14417 உதவி எண் 2018 முதல் இயங்கிவருகிறது. தேர்வு முடிவு நாளில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது கைகொடுக்கும். அதைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. ஆனால் இரண்டாம் வகுப்புக் குழந்தை போன் செய்து மனசு சரியில்லை என்று சொல்லாது. காலையில் வயிறு வலிக்கிறது என்று அழும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைக் கடிக்கும். எப்போதோ விட்ட பழக்கம் திரும்பி, இரவில் படுக்கையை நனைக்கும். அல்லது வாயே திறக்காமல் இருந்துவிடும். இந்தக் கடைசி ரகக் குழந்தைக்குத்தான் வகுப்பில் 'ரொம்ப சமத்து' என்று பெயர் கிடைக்கிறது.

தொடக்கப் பள்ளியில் ஆலோசகர் எதற்கு, அங்கே அன்பான டீச்சர் போதாதா என்று உங்கள் வளாகத்திலேயே கேட்பார்கள். அன்புக்குக் குறைவில்லை. ஒரே அறையில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளைச் சேர்த்து வைத்து 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை நடத்தி, இடையில் எமிஸ் என்ற கணினித் தளத்தில் மாணவர் பதிவையும் முடிக்க வேண்டிய ஆசிரியருக்கு நேரம்தான் இல்லை. கடிக்கிற பையனை வெளியே நிற்கவைப்பதைத் தவிர அந்தக் கணத்தில் அவர் என்ன செய்ய முடியும்?

விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்குமான நெறிமுறைகளை வகுத்தது. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும். நூறுக்குக் கீழே என்றால் வெளியில் உள்ள வல்லுநர்களோடு முறையான தொடர்பு வைத்திருந்தால் போதும். நல்ல தீர்ப்பு. ஆனால் உங்கள் நிர்வாகத்தில் எத்தனை பள்ளிகள் அந்த நூறைத் தொடும்? அறுபது, எழுபது பிள்ளைகள் படிக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கிடைக்கப்போவது தலைமையாசிரியர் அறையில் ஒட்டப்படும் ஒரு தொலைபேசி எண்தான் என்று அஞ்சுகிறோம்.

ஆகவே பள்ளியை அலகாக எடுக்காதீர்கள், அக்கம்பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்து வைத்திருக்கும் குறுவள மையத்தை எடுங்கள். ஒரு மையத்தின் கீழ் வரும் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்து ஓர் ஆலோசகர். ஒவ்வொரு பள்ளிக்கும் வாரத்தில் ஒரு வருகை, அதுவும் மாறாத நாளில். வேனில் வந்து பேசிவிட்டுப் போகும் நடமாடும் ஆலோசனையை இந்த மாநிலம் ஏற்கெனவே பார்த்துவிட்டது. வாரந்தோறும் அதே அக்கா வருவார் என்று தெரிந்தால்தான் குழந்தை மூன்றாவது வாரத்திலோ நான்காவது வாரத்திலோ படம் வரைந்துகொண்டே வீட்டு விஷயத்தைச் சொல்லும். ஆள் கிடைப்பது கடினம் என்ற பதிலை ஏற்பதற்கில்லை. தாம்பரத்திலேயே சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் சமூகப் பணித் துறை இருக்கிறது. எழும்பூரில் 1952-இல் தொடங்கிய சமூகப் பணிக் கல்லூரி இருக்கிறது. படித்து முடித்தவர்களுக்கு இந்தப் பக்கம் நிரந்தர வேலைதான் இல்லை.

இனி பெற்றோர். இந்த வயதில் ஆலோசகரின் வேலையில் பாதிக்கு மேல் அவர்களோடுதான். பத்து வயதுக்குள் இருக்கும் பிள்ளை தன் வீட்டை மாற்றிக்கொள்ள முடியாது. எப்போது தூங்குவது, யார் அடிப்பது, அப்பா எங்கே போனார் என்று யார் உண்மையைச் சொல்வது, செல்போனை எத்தனை மணிக்கு வாங்கி வைப்பது எல்லாம் பெரியவர்கள் கையில். எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம், சோம்பல் என்று அடிக்காதீர்கள் என்பதையும் யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1991 முதல் இயங்குகிறது. தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் இருக்கும் ஒரு தாய்க்கு அந்தப் பெயரை யார் சொல்வார்கள்? ஆலோசகர் என்றதும் "எம் புள்ள என்ன லூசா?" என்று கோபப்படும் தகப்பனோடு பேசவும் பழகிய ஆள் வேண்டும்.

சென்னையை அடுத்த பெரும்பாக்கத்தைப் பாருங்கள். கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்து அங்கே குடியமர்த்தப்பட்ட குடும்பங்களில் கல்வியாண்டின் நடுவில் வந்து சேர்ந்தவையும் உண்டு. பழைய பள்ளி, பழைய கூட்டாளி, தெருமுனைப் பாட்டி எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிட்டு, அடுக்குமாடியில் லிப்ட் வேலை செய்யாத நாளில் ஏறி இறங்கும் குழந்தைக்குப் புது வகுப்பில் கிடைப்பது ஒரு வருகைப் பதிவு எண். அப்பாவும் அம்மாவும் பழைய வேலைக்கே போய்வருவதால் வீடு திரும்ப இருட்டிவிடும். ஆலோசகர் முதலில் போக வேண்டிய பள்ளிகள் இங்கேதான் இருக்கின்றன.

பெற்றோரைச் சந்திப்பது எப்போது? பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். கூட்டமோ பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் தாம்பரம் சானடோரியம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் பல அம்மாக்கள் தையல் இயந்திரத்தின் முன்னால் இருப்பார்கள். அரை நாள் லீவு போட்டால் அரை நாள் சம்பளம் போகும். 'பெற்றோர் ஒத்துழைப்பதில்லை' என்று அறிக்கையில் எழுதுவதற்கு முன் அவர்களின் ஷிப்டு எப்போது முடிகிறது என்று யாரும் விசாரிப்பதாகத் தெரியவில்லை.

இன்னொன்று, இதில் விட்டுக்கொடுக்க முடியாது. ஆலோசகரிடம் குழந்தை சொன்னது எமிஸில் ஏறக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டியதைத் தெரிவிக்கட்டும். மற்றபடி 'தந்தை குடிப்பவர்', 'படுக்கையில் சிறுநீர்' என்றெல்லாம் ஒரு வரி, பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை கணினியில் அதன் பின்னாலேயே வருமானால் எந்தத் தாயும் வாய் திறக்கமாட்டாள்.

பணம் இல்லை என்று சொல்ல மாட்டீர்கள் என நம்புகிறோம். 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கிய காலை உணவு, 2023 ஆகஸ்டுக்குள் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் போய்ச் சேர்ந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். அதேபோல் இதையும் வரும் ஜூன் மாதம் பெரும்பாக்கம் அடங்கிய பரங்கிமலை ஒன்றியத்திலிருந்து தொடங்குங்கள். ஆலோசகரின் வேலை நேரத்தில் வாரம் இரண்டு மாலைகள் ஏழரை வரையிலும், ஒரு சனிக்கிழமையும் பெற்றோருக்கென்று இருக்கட்டும். பல தொடக்கப் பள்ளிகளில் காவலாளி கிடையாது. நாலரைக்கே கேட் பூட்டிவிடுகிறார்கள். மாலையில் அதைத் திறந்துவைக்க ஓர் ஆளின் சம்பளத்தையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு, தாம்பரம்