விலாசம் கெட்டது, கடிதம் கெடவில்லை!

ஈமெயில் பார்க்க உதவும் கம்ப்யூட்டர் புரோகிராம்களில் ஒன்று "தண்டர்பேர்டு". 2004-ம் ஆண்டு அதன் முதல் முழுமையான பதிப்பு வந்தது. காசு கிடையாது.

ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர், உறவினர்களின் விலாசப் பட்டியலை மொத்தமாக அதில் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் கோளாறு! பெயர் இருக்க வேண்டிய இடத்தில் டெலிபோன் நம்பர். தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகள். புரோகிராமும் திணறுகிறது.

அவர் என்ன செய்வார்? புரோகிராமை நீக்கிவிட்டு, புதிதாகப் போடுவார். அப்போதும் அதே கதைதான்! விலாசங்கள் இருப்பது வேறு ஒரு "போல்டரில்". புதிய புரோகிராமும் அதையேதான் திறக்கிறது.

கோபத்தில் அந்தப் போல்டரையே அழித்தால் வந்தது வினை. வெளியூர் மகன் எழுதிய கடிதங்களும் அதற்குள்தான் இருக்கின்றன! நல்லவேளை, அவை தனிப் பைல்கள்.

புரோகிராமை மூடிவிட்டு, "ஏபுக்" என்று தொடங்கும் விலாசப் பைலை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றினால் போதும். திரும்பத் திறந்தால் புதிய, காலியான விலாசப் புத்தகம் வரும். கடிதங்கள் அப்படியே இருக்கும். ஆனால், முன்பு இருந்த நல்ல விலாசங்களும் பழைய பைலோடு போய்விடும். நகல் இருந்தால்தான் தப்பலாம்.

இது பெரியவரின் தவறா? இல்லவே இல்லை! ஏற்றுமுன் நகல் எடுப்பது புரோகிராமின் வேலையாக இருக்கவேண்டும். கூகுள் விலாசப் பட்டியலில், 30 நாள் வரை பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்கிறது. மற்றவர்களும் அதைச் செய்யட்டும்!