அட்டை உண்டு, உறுதி இல்லை

மலையகத்தாரின் குடியுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு தீர்ந்துவிட்டது என்பது கொழும்பில் பலரின் எண்ணம். 1948இல் பறித்ததும், 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் 975,000 பேரில் 825,000 பேரைத் தலையெண்ணி இரு நாடுகளுக்கும் பங்கிட்டதும் சட்டப்படி நேராகிவிட்டன என்பது சரிதான். ஆனால் பதுளை மாவட்டத்து மடுல்சீமையில் ஒரு தோட்டத்து லயக்காம்பறாவைப் பாருங்கள். குடியிருப்பவரிடம் அடையாள அட்டை உண்டு, வாக்கு உண்டு. காணி உறுதி இல்லை. மண் அரசுடையது, 1992 முதல் நிர்வாகம் கம்பனியுடையது. வேலையை விட்டால் காம்பறாவும் கேள்விக்குள்ளாகும். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் செலவு செய்ய வழியில்லை என்று பிரதேச சபைகள் கைவிரித்து வந்தன. திருத்தம் வந்தது 2018இல். அதுவரை தோட்டத்து ஆள் வாக்குப் போட்ட சபை, அவர் வாசலுக்குப் பாதை போட முடியாத சபை.

தோட்ட மக்கள் அதிகாரிகளை நம்புவதில்லை, சொன்னாலும் கேட்பதில்லை என்று ஒரு குறை உண்டு. இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. ஏன் போகவில்லை என்று பிறகு கேட்டார்கள். எங்கே போவது? "விலகு" என்ற அறிவிப்போடு மாற்றுக் காணி தரப்படவில்லை. சொந்த மண் இல்லாதவர், வேலையும் கூரையும் ஒரே இடத்தில் கட்டிப்போடப்பட்டவர், எச்சரிக்கையை நம்பினாலும் அதன்படி நடக்க முடியாது. அதை அறியாமை என்பது அநியாயம்.

தொழிற்சங்கங்களும் அமைச்சர்களும் இருந்தார்களே என்று கேட்கலாம். இருந்தார்கள், 1988ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின்னால் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானின் பேரம் இருந்ததை மறுக்க முடியாது. ஆனால் தோட்டத் துரையிடமும் சங்கத் தலைவரிடமும் சொல்லித்தான் காரியம் நடக்கும் என்றால், கிடைப்பது அவர்களுடைய தயவாகவே தெரியும். அரசின் மீது நம்பிக்கை அங்கே எப்படி வளரும்? வீட்டுக் காணிக்கு ஏழு பேர்ச், பத்து பேர்ச் என்று அளவு மாறிமாறிப் பேசப்படுகிறது. எத்தனை பேர்ச் ஆனாலும், கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிந்த உறுதியாக, சங்கச் சந்தாவோ தோட்ட வேலையோ பாராமல், பிரதேச செயலகமே நேரடியாகக் கையில் கொடுக்க வேண்டும்.