சர்வைவல் கத்தியும் அஞ்சு தையலும்

தலைப்புல கத்தி இருக்கே, பதிவும் பிளேடா இருக்குமோன்னு பயப்படாதீங்க மக்களே. கொஞ்சம் சூடாத்தான் எழுதப்போறேன். அந்தச் சூட்டுல பாதி என் மேலேயே எனக்கு இருக்குற கடுப்பு.

போன நவம்பர்ல எங்க டீம்ல ஏழு பேர் ஏற்காடு பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துல டெண்ட் போட்டுத் தங்கினோம். தெரிஞ்சவர் தோட்டம், அனுமதி வாங்கித்தான் போனோம். எங்க டீம்ல காடு, மலை, டெண்ட்டுன்னா அத்தாரிட்டி அடியேன்தான். எப்படி அத்தாரிட்டி ஆனேன்னு கேக்குறீங்களா? ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் யூட்யூப்ல கத்தி வீடியோவாப் பார்த்துதான். :-)

அத்தாரிட்டிக்கு அடையாளமா இடுப்புல ஒரு கத்தி. பிளேடு ஆறு இஞ்ச் நீளம். தடிமன் ஆறு மில்லிமீட்டருக்கு மேல. முதுகுல ரம்பம் மாதிரி பல்லு. கருப்புக் கலர் பூச்சு. உறையோட சேர்த்தா அரைக் கிலோவைத் தாண்டும். பிராண்டு பேரெல்லாம் வேணாம், எட்டாயிரத்துச் சொச்சம் குடுத்தேன்கிறது மட்டும் போதும். அதை மாட்டிக்கிட்டு நான் நடந்த நடை இருக்கே, கைப்புள்ள தோத்தாரு.

முந்தின நாள் மழையில மண்ணு சேறாக் கிடந்துச்சு. டெண்ட்டோட சின்ன முளைக்குச்சி எல்லாம் பிடுங்கிக்கிட்டு வந்துருச்சு. மரக்குச்சியில நீளமா நாலு சீவலாம்னு முடிவாச்சு. டீமுக்குப் புதுசா வந்த தம்பி ஒருத்தன், "அண்ணா, கத்தியக் குடுங்கண்ணா, நான் சீவுறேன்"னான். பெருமையா எடுத்துக் குடுத்தேன்.

கத்தி மரத்துல இறங்கவே இல்ல. மேல மேல வழுக்கிக்கிட்டே போச்சு. பக்கத்துல நின்ன இந்த மகா அத்தாரிட்டி என்ன சொன்னான் தெரியுமா? "நல்லா அழுத்துடா."

அவன் அழுத்தினான். குச்சியில இருந்த கணுவுல கத்தி தட்டி எகிறி, இடது கைக் கட்டைவிரல் அடியில இறங்கிருச்சு. மலையில இருந்த ஆஸ்பத்திரியில அஞ்சு தையல். நரம்பு தப்பிச்சதுன்னு டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்துச்சு. அவங்க அம்மா போன்ல என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "தம்பி, நீங்க சமைச்சுச் சாப்பிடப் போனீங்களா, சண்டைக்குப் போனீங்களா?"

பதில் சொல்லத் தெரியல. இன்னைக்கு வரைக்கும்.

அதைவிடக் கேவலம் என்னன்னா, அந்த முளைக்குச்சியை அப்புறம் எதால சீவினோம் தெரியுமா? வெங்காயம் நறுக்கக் கொண்டு போன எழுபது ரூபாய்க் கத்தியால. ரெண்டே நிமிஷம்.

இதுல மந்திரம் எதுவும் இல்ல. கத்திங்கிறது ஒரு ஆப்பு. மெல்லிசா இருந்தா உள்ள போகும். தடியா இருந்தா, முனை எவ்வளவு கூரா இருந்தாலும், கொஞ்சம் இறங்கினதும் பின்னாடி இருக்குற சதை மரத்தைப் பிளக்கப் பார்க்குமே தவிர சீவாது. அப்ப நாம அழுத்துவோம். அழுத்தினா வழுக்கும். வழுக்கினா தையல். இஞ்சினியரிங் முதல் வருஷ மெக்கானிக்ஸ்ல இந்த ஆப்பு கணக்கைப் போட்டு அரியர் இல்லாம பாஸ் பண்ணினவன் நான். மார்க் வாங்கினேன், புத்தி வாங்கல.

அதுக்கப்புறம் உக்காந்து ஒழுங்காப் படிச்சேன். 'சர்வைவல் கத்தி'ன்னு விக்கிறவங்க சொல்ற டயலாக்கை எல்லாம் ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

டயலாக் 1: "பெருசா, தடியா இருந்தாத்தான் உயிரைக் காப்பாத்தும்."

அப்படியா? ஸ்வீடன் நாட்டு விமானப்படை 1995ல தன் பைலட்டுகளுக்கு சர்வைவல் கத்தின்னு எடுத்துக்கிட்டது ஃபால்க்னிவன் எஃப்1. அதோட பிளேடு நீளம் பத்து சென்டிமீட்டர் கூடக் கிடையாது. தடிமன் 4.5 மி.மீ. போர் விமானத்துல இருந்து குதிச்சுப் பனிக்காட்டுல மாட்டிக்கிற ஆளுக்கே அவ்வளவு போதுமாம். சனி ஞாயிறு லீவுல மேகி கிண்டப் போற நமக்கு அரைக் கிலோ இரும்பு!

அதே ஊர்க் கத்தி மோரா கம்பேனியன். பிளேடு சுமார் பத்து சென்டிமீட்டர், தடிமன் 2.5 மி.மீ., உறையோட சேர்த்தே 120 கிராம் பக்கம்தான். பார்க்க ஒரு கெத்தும் இருக்காது, பிளாஸ்டிக் பிடி, பிளாஸ்டிக் உறை. ஆனா மரம் சீவும், கயிறு அறுக்கும், தக்காளியை நசுக்காம நறுக்கும். எதிர்ப்பக்கம் அமெரிக்காவோட பெக்கர் பி.கே.2. பிளேடு அஞ்சேகால் இஞ்ச், தடிமன் கால் இஞ்ச், அதாவது 6.35 மி.மீ. எடை கிட்டத்தட்ட ஒரு பவுண்டு. நல்லா உழைச்சுச் செஞ்ச கத்திதான், பொய் சொல்லக்கூடாது. விறகு பிளக்கும். நெம்புனா வளையாது. ஆனா முகாம்ல நாம செய்ற வேலையில முக்காவாசி நறுக்குறதும் சீவுறதும். அதுக்கு அது சம்மட்டி.

டயலாக் 2: "ஃபுல் டேங் இல்லாட்டி உடைஞ்சிடும்."

டேங்குன்னா பிடிக்குள்ள போற இரும்புக் காம்பு. பிடியோட முழு அகலத்துக்கும் இரும்பு ஓடினா ஃபுல் டேங். இது இருந்தா பலம் ஜாஸ்திதான், மறுக்கல. ஆனா இல்லாட்டி கத்தியே இல்லங்கிற மாதிரி ஒரு பில்டப் குடுக்குறாங்க பாருங்க, அங்கதான் எரியுது. 1942ல அமெரிக்க மரீன் படை எடுத்துக்கிட்ட கா-பார் கத்தி இரண்டாம் உலகப்போருக்குப் போய்ட்டு வந்துச்சு. அதோட காம்பு ஒல்லியானது. அதைச் சுத்தித் தோல் வளையத்தை அடுக்கி அழுத்தினதுதான் பிடி. ஃபின்லாந்துக்காரங்க பரம்பரையாப் புழங்குற பூக்கோ கத்தியும் ஒல்லிக் காம்புதான். எப்படிச் செஞ்சாங்கங்கிறதைப் பொறுத்து இருக்கு சார் எல்லாம்.

நிஜமாவே பயப்பட வேண்டியது உள்ள குழாய் மாதிரி இருக்குற பிடியை. 1982ல 'ஃபர்ஸ்ட் பிளட்' படத்துல ராம்போ கையில வந்தது அந்த வகை. படத்துக்குச் செஞ்சவர் ஜிம்மி லைல்னு பேர் போன கைவினைஞர், அவர் கத்தி தரமானது. அதைப் பார்த்துக் காப்பியடிச்ச மலிவு ஐட்டங்கள்லதான் பிளேடையும் பிடியையும் ஒரு திருகாணி பிடிச்சுக்கிட்டு இருக்கும். வீசினா பிளேடு ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம்.

டயலாக் 3: "பேட்டனிங் பண்ண முடியுமா இதால?"

கத்தியை விறகு மேல வெச்சு, முதுகுல கட்டையால அடிச்சுப் பிளக்கறதுக்குப் பேர் பேட்டனிங். இதுல ஒரு நியாயம் இருக்கு. ஈரமான குளிர்நாட்டுக் காட்டுல வெளிய நனைஞ்ச கட்டைக்கு உள்ளதான் காய்ஞ்ச மரம் இருக்கும், பிளந்தாத்தான் தீ. ஒத்துக்கறேன். ஆனா அதுக்குச் சின்னக் கைக்கோடாலின்னு ஒண்ணு இருக்கே? நம்ம ஊர்ல கொடுவாள்னு ஒண்ணு இருக்கே? வீசி வெட்ட முன்பக்கம் கனமா, நீளமா, அந்த வேலைக்குன்னே கொல்லர் அடிச்சது. கோடாலி வேலையையும் கத்தி வேலையையும் ஒரே பொருள் செய்யணும்னா ரெண்டையும் அரைகுறையாத்தான் செய்யும். ஒரே ஃபங்ஷன்ல எல்லா வேலையையும் அடைச்சு வெச்ச கோடு எப்படி இருக்கும்னு ஆணி புடுங்குற நமக்குத் தெரியாதா?

இது ஒண்ணும் என் கண்டுபிடிப்பு இல்ல. நெஸ்மக்ங்கிற புனைபெயர்ல எழுதின அமெரிக்கர் 1884லேயே காட்டு வாழ்க்கை பத்திப் புத்தகம் போட்டார். அவர் கையில வெச்சுக்கிட்டது மூணு: சின்னக் கோடாலி, மெல்லிசான கத்தி, ஒரு மடக்குக் கத்தி. தடித்தடியா விக்கிற வேட்டைக் கத்தியை அப்பவே கிண்டலடிச்சிருக்கார். 1906ல புத்தகம் போட்ட ஹொரேஸ் கெப்ஹார்ட்டும் சின்னக் கத்திக் கட்சிதான். நூத்து நாப்பது வருஷமா அதே சண்டை, அதே வியாபாரம்.

டயலாக் 4: "என்ன ஸ்டீலு?"

இதுல நானே மணிக்கணக்கா மொக்கை போட்டிருக்கேன். சுருக்கமா: 1095ங்கிறது கார்பன் ஸ்டீல், 0.95 சதவீதம் பக்கம் கார்பன். தீட்டறது சுலபம், நம்ம ஊர் ஈரத்துல துடைக்காம வெச்சா துருவும் சுலபம். மோராவுல வர்ற 12சி27ல கார்பன் 0.6 பக்கம், குரோமியம் 13 சதவீதத்துக்கு மேல. லேசுல துருப்பிடிக்காது, இதையும் சாதாரணக் கல்லுலயே தீட்டலாம். ரெண்டும் போதும். இதுக்கு மேல ஸ்டீல் பேசுறவன்கிட்ட கேளுங்க, "கடைசியா எப்ப தீட்டினே?"ன்னு. என் எட்டாயிரம் ரூபாய்க் கத்தியை வாங்கி எட்டு மாசம் ஆகியும் நான் ஒரு வாட்டி கூடக் கல்லுல வெச்சதில்ல. அந்த அஞ்சு தையல்ல மூணு அந்தச் சோம்பேறித்தனத்துக்கு.

கடைசியா அந்த வார்த்தை. சர்வைவல்.

எங்க போய் மக்களே சர்வைவ் பண்ணப்போறோம்? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல 'ஆயுதம்'ங்கிறதுக்கு உள்ள விளக்கத்துல கத்தியும் இருக்கு. அதே சட்டத்தோட 31வது பிரிவுப்படி, எழுத்துப்பூர்வமான முன் அனுமதி இல்லாம ஆயுதத்தோட சரணாலயத்துக்குள்ள நுழையக்கூடாது. தேசியப் பூங்காவுக்கும் இது பொருந்தும். ஆக, முதுமலைக்குள்ள இடுப்புல கத்தியோட போனா நீங்க ராம்போ இல்ல, கேஸ்.

2018 மார்ச்ல குரங்கணியில நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மலையில ஆளைக் கொல்றது தீ, திடீர் வெள்ளம், குளிர், வழி தவறுறது. இதுல எதைக் கத்தியால குத்தப்போறோம்? எங்க போறோம்னு வீட்டுல சொல்லிட்டுப் போறது, வனத்துறை அனுமதி, தண்ணி, டார்ச்சு, மழைக்கோட்டு, ஒரு விசில். இதை எல்லாம் சேர்த்தாலும் எட்டாயிரம் ஆகாது. ஆனா இதை இடுப்புல மாட்டிக்கிட்டு செல்ஃபி எடுக்க முடியாதே!

சரி, அனுமதி உள்ள இடத்துல முகாம் போடுறவங்களுக்கு என்ன கத்தி? நாலு இஞ்ச், மூணு மி.மீ.க்குள்ள தடிமன், பல்லு இல்லாத நேர் முனை, ஈரக் கையிலயும் வழுக்காத பிடி, கீழ விழுந்தா கண்ணுக்குத் தெரியுற கலர். கூட ஒரு சின்னத் தீட்டுக்கல். விறகு வேணும்னா கொடுவாள் தனி. சீவும்போது கத்தி உடம்பை விட்டு வெளிய போகணும், பிடிச்ச கை பிளேடுக்குப் பின்னால இருக்கணும், கை நீட்டுற தூரத்துக்குள்ள யாரும் நிக்கக்கூடாது. இந்தக் கடைசி வரியை அன்னைக்கு நான் அவனுக்குச் சொல்லிக் குடுத்திருந்தா இந்தப் பதிவே இல்ல.

தையல் பிரிச்ச பிறகு தம்பிக்கு ஒரு மோரா வாங்கிக் குடுத்தேன். ஸ்பேஸ் பாரை வலது கையால தட்டிப் பழகியிருந்தான் பாவம். உறையில இருந்து உருவிப் பார்த்துட்டு, "இதை எப்படிப் பிடிக்கணும்ணா?"ன்னு கேட்டான். அத்தனை வீடியோ பார்த்த நான் யார்கிட்டயும் கேட்காத கேள்வி.

டிஸ்கி: என் பழைய கத்தி இப்ப எங்க வீட்டுச் சமையல்கட்டுல. முதுகால தட்டினா தேங்காய் அம்சமா உடையுதுன்னு அம்மாவுக்கு ரொம்பத் திருப்தி. தடிக் கத்தி ரசிகர்கள் பின்னூட்டத்துல வந்து தாராளமாத் திட்டலாம். ஆனா திட்டுறதுக்கு முன்னாடி அதே கத்தியால ஒரு தக்காளியை நறுக்கிட்டு வாங்க. ஹி..ஹி..