கையெழுத்து போட்டால் காசு வாங்கலாமா?

அவனியாபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போன மாதம் ஒரு ஃப்ளெக்ஸ் முளைத்தது. புதிதாகத் திறந்த ஜிம் ஒன்றின் விளம்பரம். அதில் தொடையைத் தட்டிக்கொண்டு நிற்கும் பையன் எங்கள் தெருக்காரன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கபடியில் ரைடர். சுற்றுவட்டாரத் திருவிழா மேட்ச்களில் அவன் பெயரை மைக்கில் சொன்னாலே விசில் பறக்கும்.

அவன் அம்மாதான் போனை நீட்டிக் காட்டினார். "பாருங்கண்ணே, நம்ம பயலை எம்புட்டுப் பெருசாப் போட்டுருக்காய்ங்க!"

"எவ்வளவு குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"காசா? போட்டோவை எடுத்ததே இவனுக்குத் தெரியாதுண்ணே. ஏதோ மேட்ச்ல எடுத்ததாம்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பனியனில் இருந்த கல்லூரிப் பெயரைக் கவனமாக அழித்திருந்தார்கள். கல்லூரி கேள்வி கேட்கும் என்ற பயம் இருந்திருக்கிறது. பையன் கேட்பான் என்ற பயம் இல்லை.

அவனிடம் பேசினேன். "போய்க் கேக்கலாம்தான் மாமா. ஆனா காசு வாங்கினா அமெச்சூர் இல்லேன்னு சொல்லி டீம்ல இருந்து தூக்கிருவாங்கன்னு பசங்க சொல்றாங்க" என்றான். காசுக்காக விளையாடாதவருக்குத்தான் அமெச்சூர் என்று பெயர். இந்த ஒரு சொல்லை வைத்து உலகம் முழுக்க எத்தனை பையன்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள் என்று அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். அதையே இங்கேயும் சொல்கிறேன்.

பபுள்கம் வாங்கினால் கிரிக்கெட் வீரர் படம் போட்ட அட்டை கிடைத்த காலம் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். அமெரிக்காவில் அப்படிப்பட்ட அட்டைகள் ஒரு பெரிய வியாபாரம். அட்டையில் வீரரின் கையெழுத்தும் இருந்துவிட்டால் விலை பல மடங்கு ஏறிவிடும். ஆனால் கல்லூரி வீரர் மட்டும் தன் கையெழுத்துக்குக் காசு வாங்கக் கூடாது. அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு பல பத்தாண்டுகள் கட்டிக் காத்த விதி அது.

ஜானி மன்ஸியெல் என்று ஒரு பையன். டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் வீரர். கல்லூரி ஆட்டத்தின் மிகப் பெரிய விருதான ஹைஸ்மன் கோப்பையை 2012-ல் வென்றார். முதலாண்டு வீரர் ஒருவர் அதை வாங்கியது அதுதான் முதல் தடவை. மறுவருடமே விசாரணை வந்தது. வியாபாரிகளுக்காகக் கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போட்டுக் காசு வாங்கினார் என்று புகார். காசு வாங்கியதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லி, முதல் ஆட்டத்தில் பாதி நேரம் மட்டும் வெளியே உட்காரவைத்தார்கள். பத்து வருடம் கழித்து 2023-ல் ஓர் ஆவணப்படத்தில், ஆமாம், காசு வாங்கினேன் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

அதே 2013 ஆகஸ்டில் இன்னொரு கூத்தும் நடந்தது. ஜே பைலஸ் என்ற டி.வி. வர்ணனையாளர், என்.சி.ஏ.ஏ.வின் ஆன்லைன் கடைக்குள் போய்த் தேடும் பெட்டியில் 'மன்ஸியெல்' என்று டைப் செய்தார். மன்ஸியெல் போட்டு விளையாடும் 2-ம் நம்பர் பனியன் விற்பனைக்கு வந்து நின்றது. இப்படியே இன்னும் சில மாணவர்களின் பெயரையும் போட்டுப் பார்த்து ஊருக்கே காட்டிவிட்டார். தன் பெயரை விற்கக் கூடாது என்று பையனை விசாரித்த அமைப்பின் கடையிலேயே அவன் பெயரைத் தட்டினால் சரக்கு வருகிறது! சங்கடம் தாங்காமல் அந்த விற்பனையை நிறுத்தினார்கள்.

டாட் கர்லிக்கு அடி பலமாக விழுந்தது. ஜார்ஜியா பல்கலைக்கழக வீரர். இரண்டு வருடத்தில் கையெழுத்துகளுக்காக 3,000 டாலருக்குக் கொஞ்சம் மேலே வாங்கியதற்காக 2014-ல் நாலு ஆட்டம் தடை. அன்றைய மதிப்பில் சுமார் 1.8 லட்சம் ரூபாய். அந்த ஊர்களில் கல்லூரிப் பயிற்சியாளர்களின் சம்பளம் கோடிக்கணக்கில். தடை முடிந்து திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே கர்லிக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. நல்லவேளை, அதற்கப்புறமும் ஒரு தொழில்முறை அணி அவரை எடுத்துக்கொண்டது. எடுக்காமல் போயிருந்தால்? விளையாட்டுக்காரனின் கையெழுத்துக்கு மதிப்பிருக்கும் காலம் ரொம்பக் குறைவு. அந்தக் கொஞ்ச காலத்தில்தான் 'நீ விற்காதே' என்கிறார்கள்.

2021 ஜூலை 1-ம் தேதியிலிருந்து அந்த விதி தளர்ந்துவிட்டது. இப்போது அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் அட்டையில் கையெழுத்துப் போட்டு நேராகவே சம்பாதிக்கிறார்கள். கூடக் காசு கொடுக்கும் கல்லூரிக்கு வீரர்கள் தாவுகிறார்கள் என்ற புலம்பலும் கூடவே வந்திருக்கிறது. அதுவும் உண்மைதான்.

நம் ஊரிலும் ஒரு கதை உண்டு. நாகர்கோவிலில் பிறந்த டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணன். 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்ற முதல் ஆசியர். 1959-ல் ஜாக் கிராமர் தன் தொழில்முறைக் குழுவில் சேர அவரை அழைத்தார். மூன்று வருடத்துக்கு 1,50,000 டாலர். டாலர் ஐந்து ரூபாய்க்கும் கீழே இருந்த காலம் அது. அப்படியும் ஏழு லட்சத்துக்கு மேல் வரும். வாங்கியிருந்தால் அமெச்சூர் அந்தஸ்து போய்விடும். விம்பிள்டனும் கிடையாது, நாட்டுக்காக டேவிஸ் கோப்பையும் கிடையாது. கிருஷ்ணன் வேண்டாம் என்றார். 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனார். 1966-ல் இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிவரை போனதில் அவர் பங்கு பெரிது. இரண்டே வருடத்தில், 1968-ல், விம்பிள்டன் தொழில்முறை வீரர்களுக்கும் கதவைத் திறந்து பரிசுப் பணமும் கொடுத்தது. கிருஷ்ணன் பிற்பாடு சென்னையில் கேஸ் ஏஜென்சி நடத்தினார்.

அவர் ஏமாந்துவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். என்ன கிடைக்கும், எது போகும் என்று தெரிந்து அவரே எடுத்த முடிவு அது. அவரிடம் விலை சொல்லிக் கேட்டார்கள். அவர் மறுத்தார். எங்கள் தெருப் பையனிடம் யார் கேட்டார்கள்?

இந்த அமெச்சூர் பெருமை எங்கே பிறந்தது என்று பார்த்தால் இன்னும் எரிச்சல் வரும். இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டியில் 1879-ல் ஒரு விதி எழுதினார்கள். மெக்கானிக், கைவினைஞர், கூலித் தொழிலாளி இவர்களெல்லாம் அமெச்சூர் கணக்கில் வர மாட்டார்கள். சோற்றுக்குக் கவலையில்லாதவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட வேலி அது. நம்மிடம் அந்தச் சொல் இன்னும் போர்டில் தொங்குகிறது. 2014-ல் ஏலம் போட்டு வீரர்களை எடுக்கும் புரோ கபடி லீக் வந்தபோது, தேசியக் கபடி சம்மேளனத்தின் பெயர் அமெச்சூர் கபடி ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா!

எங்கள் ஊர் வாடிவாசலுக்கு எந்த அமெச்சூர் விதியும் கிடையாது. தை முதல் நாள் காளையைப் பிடித்தவனுக்கு அண்டா, பீரோ, தங்கக்காசு. அதிகம் பிடித்தவனுக்குக் கார். 'இன்னார் சார்பாக' என்று மைக்கில் கொடுத்தவர் பெயர் நாலு தடவை வரும். பொங்கல் முடிந்ததும் திமிலைக் கட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பையனின் படம் யூடியூப் முகப்பு, டீ ஷர்ட், துணிக்கடை பேனர் என்று வருடம் முழுக்கச் சுற்றும். டெக்சாஸில் காசு கொடுக்காமலிருக்க ஒரு விதிப் புத்தகம் தேவைப்பட்டது. இங்கே 'தம்பி, உனக்குத்தானே விளம்பரம்' என்ற ஒரு வரி போதும்.

சட்டம் இல்லாமலில்லை. தன் பெயரையும் பாணியையும் அனுமதியில்லாமல் ஓர் இந்திப் படத்துக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று ரஜினிகாந்த் வழக்குப் போட, 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. படம் வேறு பெயரில்தான் வந்தது. ரஜினிக்கு வக்கீல் வைக்க முடியும், அது வேறு விஷயம்.

பையனிடம் இரண்டே விஷயம் சொன்னேன். காசு வாங்குவதற்கு முன்னால் பி.டி. சாரிடம் கேள். எந்தக் காகிதமானாலும் எத்தனை நாளைக்கு, எங்கெங்கே உன் படத்தைப் போடுவார்கள் என்று எழுதியிருந்தால் மட்டும் கையெழுத்துப் போடு. பி.டி. சாரே அவனைக் கூட்டிக்கொண்டு ஜிம்முக்குப் போயிருக்கிறார். ஜிம்காரர் முதலில், "ஃப்ளெக்ஸ் அடிச்ச செலவு என்னுதுதானே?" என்றாராம். பிறகு ஆறு மாதம் இலவசமாகப் பயிற்சி செய்துகொள்ளச் சொல்லி, மூன்று மாதத்தில் படத்தை எடுத்துவிடுவதாக வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். இது சரியான விலையா என்று எனக்குள் இன்னும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தத் தாளின் அடியில் பையன் போட்ட கையெழுத்தைப் பார்த்தேன். பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டில் போட்டதைப் போலவே, முழுப் பெயரையும் குண்டு குண்டாக எழுதியிருந்தான்.